வேண்டுதல் வேண்டாமை இலான் சார்ந்தவரை மட்டும் காப்பது நடுநிலை ஆகுமா? (வகுப்புப் பாடத்துக்கான விவாத இழை)

அல்சூர்_வகுப்பு:

திருச்சிற்றம்பலம்.

ஞாயிறு காலைத் திருமுறை வகுப்புக்கு அடுத்த நான்கு வாரப் பாடம் இறைவனின் நடுநிலையும் அடியார் காப்பும். பிள்ளைகள் 12 முதல் 17 வயது. ஒரு வகுப்பு 75 நிமிடம். பாதிப் பேர் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிப்பவர்கள். தமிழ் நன்றாகப் பேசுவார்கள், படிப்பது எழுத்துக் கூட்டித்தான்.

முடிச்சு இது. 4ஆம் குறள் இறைவனை "வேண்டுதல் வேண்டாமை இலான்" என்கிறது. அப்பர் பெருமான் நமச்சிவாயப் பதிகத்தின் 6ஆம் பாட்டில் "சலமிலன் சங்கரன் சார்ந்தவர்க் கலால் நலமிலன்" என்கிறார். விருப்பு வெறுப்பே இல்லாதவன் சார்ந்தவருக்கு மட்டும் நலம் செய்தால் அது பாரபட்சம் இல்லையா? பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். எந்தப் பாடல்களை எந்த வரிசையில் எடுக்கலாம், எங்கே சறுக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

உரைவழி:

குறளிலிருந்தே தொடங்குங்கள் ஐயா, ஆனால் பரிமேலழகர் உரையை விட்டுவிட்டுத் தொடங்காதீர்கள். "யாண்டும் இடும்பை இல" என்பதை "எந்தக் கஷ்டமும் வராது" என்று எழுதிப் போட்டுவிட்டால் அங்கேயே பாடம் சாய்ந்துவிடும். மறுவாரமே ஒரு பிள்ளை, "பாட்டி தினமும் கும்பிட்டாங்களே, அவங்களுக்கு ஏன் வந்தது?" என்று கேட்கும்.

உரை சொல்வது வேறு. இடும்பை என்பது பிறவித் துன்பம். அது மூன்று வழியில் வரும்: தன்னைப் பற்றி வருவது, பிற உயிர்களைப் பற்றி வருவது, தெய்வத்தைப் பற்றி வருவது. அடி சேர்ந்தவர்களிடம் வேண்டுதலும் வேண்டாமையும் இல்லாமல் போவதால், அவை காரணமாக வரும் துன்பமும் இல்லை என்று காரணம் காட்டுகிறார். முதலில் விருப்பு வெறுப்பு இல்லாதவன் இறைவன். அவனைச் சேரச் சேர அந்தத் தன்மை சேர்ந்தவரிடமும் இறங்குகிறது. காப்பு நடக்கும் வழி இதுதான். சலுகை என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

"சேர்தல்" என்பதற்கு முந்தைய குறளின் உரையிலேயே "இடைவிடாது நினைத்தல்" என்று பொருள் தந்திருக்கிறார். கரும்பலகையில் இரண்டு குறளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதிக் காட்டுங்கள். 3ஆம் குறள் இல்லாமல் 4ஆம் குறளை நடத்த வேண்டாம்.

மெய்கண்டார்_மாணவி:

உரைவழி ஐயா சொன்னதன் மேல் சைவ சித்தாந்தம் கட்டியிருப்பதைச் சேர்க்கிறேன். கொஞ்சம் நீளும்.

அப்பர் வாக்கை அப்படியே குறளாக்கித் தந்திருக்கிறார் உமாபதி சிவம். திருவருட்பயன், முதல் அதிகாரம், 9ஆம் குறள்:

"நலமிலன் நண்ணார்க்கு நண்ணினர்க்கு நல்லன்
சலமிலன்பேர் சங்கரன்."

சலம் என்றால் வஞ்சனை. "நலமிலன் நண்ணார்க்கு" என்று சொன்ன அதே வாயால் "சலமிலன்" என்றும் சொல்கிறார். நண்ணாதவரிடம், அதாவது தன்னை அணுகாதவரிடம், இறைவனுக்குப் பகை கிடையாது என்பதை அந்த ஒரு சொல் உறுதி செய்துவிடுகிறது.

பிள்ளைகளுக்கு இதை இரண்டு தட்டாகப் பிரித்துக் காட்டுங்கள்.

முதல் தட்டு, எல்லா உயிருக்கும் பொதுவாகக் கொடுத்தது. தனு, கரணம், புவனம், போகம். அதாவது உடம்பு, அறிகருவிகள், வாழ இடம், நுகரும் பொருள். கும்பிடுகிறவன், கும்பிடாதவன், திட்டுகிறவன் எல்லாருக்கும் இவை உண்டு. ஓர் உயிரைக்கூட இதில் விலக்கி வைக்கவில்லை. நடுநிலைக்கு முதல் சான்று இங்கே இருக்கிறது. வகுப்பில் பெரும்பாலும் இதைச் சொல்லாமலே தாண்டிவிடுகிறார்கள். இதைத் தாண்டினால் "சார்ந்தவர்க்கு மட்டும்" என்ற வரி தனியாக நின்று உறுத்தும்.

இரண்டாம் தட்டு, அருள் பதிதல். அதற்கு உயிர் பக்குவப்பட வேண்டும். நூல் சொல்லும் வரிசை: இருவினையொப்பு, மலபரிபாகம் (உயிரைப் பிடித்த மலம் பழுத்துக் கழியும் பக்குவம்), சத்திநிபாதம் (இறைவன் அருள் உயிரில் பதிதல்). இருவினையொப்பு என்றால் நல்வினைப் பயன் வந்தபோது துள்ளாமலும் தீவினைப் பயன் வந்தபோது துவளாமலும் இரண்டையும் ஒப்பக் காணும் நிலை. வேண்டுதல் வேண்டாமை இலானை அணுகும் உயிர், தானும் அந்த நிலைக்கு வருகிறது. உரைவழி ஐயா பரிமேலழகரில் காட்டியதும் இதுவும் ஒரே இடத்தில் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

நூல்கள் தரும் உவமை சூரியன். ஒரே வெயிலில் பக்குவமான தாமரை மலர்கிறது, அரும்பு அரும்பாகவே நிற்கிறது. மலர்ந்ததற்காகச் சூரியன் அதன் பக்கம் சாய்ந்தான் என்று சொல்ல முடியாது.

ஜாலஹள்ளி_சிவநேசன்:

அம்மா, மறுத்துப் பேசுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் சூரியன் உவமையோடு நிறுத்தினால் பெரிய பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "அப்படின்னா கடவுள் சும்மா நிற்கிறாரா? எல்லாம் நம்ம பக்குவம்தானே?" வெயிலுக்கு அன்பு இல்லை. அப்பர் பாடுவது அன்புள்ள ஒருவனை. அதே 6ஆம் பாட்டின் பின்பாதியைப் பாருங்கள்:

"குலமில ராகிலுங் குலத்திற் கேற்பதோர்
நலமிகக் கொடுப்பது நமச்சி வாயவே."

"மிகக் கொடுப்பது" என்கிறார். பக்குவத்துக்கு அளந்து கொடுப்பவன் பேச்சாக இது கேட்கவில்லை.

மெய்கண்டார்_மாணவி:

நியாயமான கேள்வி. உவமைக்கு எல்லை உண்டு. பக்குவம் வருவதே தானாக வருவதில்லை என்பது சித்தாந்தத்தின் அடுத்த படி. மலத்தைப் பழுக்க வைக்கும் வேலையையும் அவன் சத்தியே செய்கிறது. மறைந்து நின்று செய்வதால் அதற்குத் திரோதானம் என்று பெயர். உயிர் திரும்பிப் பார்க்கும் முன்பே அவன் வேலை தொடங்கிவிட்டது.

தண்டனையும் இதில் அடங்கும். சிவஞான சித்தியார் சுபக்கத்தில் அருணந்தி சிவம், பெற்ற பிள்ளை சொல் கேளாவிட்டால் தாய் தந்தை அதட்டுவதும் வளாரால் (மெல்லிய கோலால்) அடிப்பதும் கட்டிப்போடுவதும் பரிவேதான், ஈசன் முனிவும் அப்படியே என்கிறார். ஆகவே நண்ணாதவரைக் கைவிட்டான் என்று எங்கேயும் சொல்லிவிடாதீர்கள். அது சித்தாந்தம் இல்லை.

சின்னப் பிள்ளைகளுக்கு இவ்வளவும் வேண்டாம். திருமந்திரத்தின் "தீயினும் வெய்யன் புனலினும் தண்ணியன்" பாட்டு ஒன்றே போதும். அதன் கடைசி இரண்டடியில் "அணியன்நல் அன்பர்க்குத் தாயினும் நல்லன்" என்று வருகிறது.

மல்லேஸ்வரம்_தாசன்:

வைணவன் ஒருவன் குறுக்கிடுகிறேன், பொறுத்தருள்க. கீதை 9ஆம் அத்தியாயம் 29ஆம் சுலோகம் இதே முடிச்சுதான். முன்பாதி: எல்லா உயிரிடத்தும் நான் சமம், எனக்குப் பகைவனும் இல்லை, வேண்டியவனும் இல்லை. பின்பாதி: பக்தியோடு என்னை வழிபடுகிறவர்கள் என்னிடத்தில், நானும் அவர்களிடத்தில். பிரம்மசூத்திரம் 2.1.34 பாரபட்சமும் இரக்கமின்மையும் இறைவனுக்கு இல்லை என்று தனியாகவே எடுத்துப் பேசுகிறது. உங்கள் வகுப்பில் எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்றால் இந்த ஒரு சுலோகத்தைக் குறிப்பாகச் சொன்னால் போதும்.

கிளீவ்லாந்து_டவுன்:

எங்கள் வேதாகமத்தில் மத்தேயு 5:45 மாணவி அம்மா சொன்ன முதல் தட்டு போலவே இருக்கிறது: தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியன் உதிக்கிறது, நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழை பெய்கிறது. அப்போஸ்தலர் 10:34-ல் பேதுரு, யூதர் அல்லாத கொர்நேலியுவின் வீட்டில் நின்றுதான் "தேவன் பட்சபாதமுள்ளவரல்ல" என்று சொல்கிறார்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று. எபிரெயர் 11-ல் விசுவாசத்தினாலே பட்டயத்துக்கு (வாளுக்கு) தப்பினவர்கள் 34ஆம் வசனத்தில் வருகிறார்கள். அதே விசுவாசத்தோடு பட்டயத்தால் வெட்டப்பட்டு மரித்தவர்கள் 37ஆம் வசனத்தில் வருகிறார்கள். இரண்டு கூட்டமும் ஒரே பட்டியலில். தப்பினவன் விசுவாசி, சாகிறவன் விசுவாசமில்லாதவன் என்ற பிரிப்பு அங்கே இல்லை. உங்கள் நாயன்மார் வரலாற்றிலும் இப்படி இருக்கிறதா?

உரைவழி:

இருக்கிறது ஐயா. இதைத்தான் மூன்றாம் வாரப் பாடமாக வைக்கச் சொல்ல வந்தேன்.

பெரியபுராணத்தில் அப்பர் வரலாறு ஒரு பக்கம். நீற்றறையில் (சுண்ணாம்புக் காளவாயில்) 7 நாள் அடைத்தார்கள், நஞ்சு கலந்த சோறு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினார்கள். நான்கிலும் பிழைத்தார். சேக்கிழார் சொல்லும் வரிசை இதுதான்; வகுப்பில் மாற்றிச் சொல்ல வேண்டாம். நீற்றறைக்கு "மாசில் வீணையும்", யானைக்கு "சுண்ணவெண் சந்தனச் சாந்தும்", கடலுக்கு "சொற்றுணை வேதியன்", கரையேறிய திருப்பாதிரிப்புலியூரில் "ஈன்றாளுமாய்".

மறுபக்கம் மெய்ப்பொருள் நாயனார். திருக்கோவலூர் அரசர். முத்தநாதன் திருநீறு பூசி, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்து வந்து குத்தினான். கத்தி தடுக்கப்படவில்லை. காவலன் தத்தன் வாளை ஓங்கியபோது, விழுந்துகொண்டே "தத்தா நமர்" என்று தடுத்தார். குத்தினவனை ஊரார் தீண்டாதபடி எல்லை கடத்திவிடச் சொல்லி, அவன் பத்திரமாகப் போனான் என்ற செய்தி வரும்வரை உயிரைத் தாங்கிக்கொண்டிருந்தார். ஏனாதிநாத நாயனாரும் அப்படித்தான்: பகைவன் நெற்றியில் நீறு கண்டதும் போரை விட்டு நின்றார், உயிர் போனது.

பிழைத்த அப்பரும் நாயனார், பிழைக்காத மெய்ப்பொருளாரும் நாயனார். இருவருக்கும் கிடைத்த காப்பு ஒன்றே. அடியைப் பிடித்த பிடி நழுவாமல் காக்கப்பட்டது. யானை வருமுன் அப்பர் பாடிய "அஞ்சுவது யாதொன்றும் இல்லை அஞ்ச வருவதும் இல்லை" என்பதை இந்த இரண்டு வரலாற்றுக்கும் நடுவில் வைத்துப் படியுங்கள். அச்சம்தான் போனது, யானை வந்துகொண்டுதான் இருந்தது.

இன்னொன்றையும் சேர்க்கலாம். அப்பரைத் துன்புறுத்திய பல்லவ அரசன் பின்னால் சைவத்துக்கு வந்து திருவதிகையில் குணபரவீச்சரம் என்ற கோயிலை எடுத்தான். சம்பந்தர் தங்கிய மடத்துக்கு மதுரையில் தீ வைத்தபோது அவர் பாடியது "பையவே சென்று பாண்டியற் காகவே". தீ திரும்பட்டும், ஆனால் மெல்லப் போகட்டும் என்று கேட்கிறார். அது வெப்புநோயாகப் பாண்டியனைப் பற்ற, அவரே "மந்திரமாவது நீறு" பாடித் தீர்த்தார். அந்தப் பாண்டியன் நின்றசீர் நெடுமாறன், 63 பேரில் ஒருவர். எதிர்ப்பக்கம் நின்ற அரசனுக்கும் கதவு திறந்தே இருந்தது. நடுநிலைக்கு இதைவிட நல்ல வரலாறு எனக்குத் தெரிந்து இல்லை.

அல்சூர்_வகுப்பு:

அருமை. கோளறு பதிகத்தைக் கட்டாயம் சேர்க்கச் சொல்லிப் பெற்றோர் கேட்கிறார்கள். தேர்வு நேரம், சனிப்பெயர்ச்சி என்று காரணம் சொல்கிறார்கள். எப்படி எடுப்பது?

பண்வழி:

எடுங்கள், ஆனால் பரிகாரமாக எடுக்காதீர்கள். பதிகத்தின் கட்டமைப்பே அதற்கு எதிரானது. விளக்குகிறேன்.

2ஆம் திருமுறை, 85ஆம் பதிகம், பண் பியந்தைக்காந்தாரம், பாடல் 11. திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் மதுரைக்குப் புறப்படும்போது, கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுக்க, பாடியது. முதல் 10 பாட்டும் ஒரே அமைப்பில் ஓடும்:

முதலில் இறைவன் கோலம் (வேயுறு தோளிபங்கன், விடமுண்ட கண்டன்). அடுத்து "என் உளமே புகுந்த அதனால்". பிறகு மக்கள் அஞ்சும் பொருள்களின் வரிசை. கடைசியில் "நல்ல நல்ல அவை நல்ல நல்ல அடியா ரவர்க்கு மிகவே".

நடுவில் உள்ள "அதனால்" பத்துப் பாட்டிலும் வருகிறது. காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிட்டார்: அவன் உள்ளே புகுந்தான், அதனால் இவை நல்லவை. சனி இடம் மாறியதாகவோ, சனிக்கு ஏதோ கொடுத்துச் சமாதானம் செய்ததாகவோ ஒரு சொல்லும் இல்லை. பிள்ளைகளிடம் பென்சில் கொடுத்து ஒவ்வொரு பாட்டிலும் "அதனால்" என்பதை வட்டமிடச் சொல்லுங்கள். அதுவே பாதிப் பாடம்.

அஞ்சும் பொருள்களையும் பட்டியல் போடச் சொல்லுங்கள். 1ஆம் பாட்டில் ஒன்பது கோள். "பாம்பிரண்டும்" என்பது ராகுவும் கேதுவும். 4இல் காலன், நமன், தூதர், கொடுநோய். 5இல் இடி, மின்னல், பூதம். 6இல் சிங்கம், புலி, யானை, பன்றி, நாகம், கரடி. 7இல் வெப்பு, குளிர், வாதம், பித்தம். கோள்கள் இதில் ஒரு பகுதிதான். கிரகத்துக்கான பதிகம் என்று சுருக்கிவிடுவதால் மற்றதெல்லாம் கண்ணில் படாமல் போகிறது.

ஓதும்போது வரும் பிழைகள்:

"ஆசறு" என்பதை "ஆசாறு" என்று இழுப்பது. ஆசு அறு, குற்றம் நீங்கிய என்று பிரித்துச் சொல்லிக்கொடுத்தால் திருந்தும்.

"நல்ல" நான்கு முறை வர வேண்டும். வேகமாக ஓதும்போது மூன்றாகக் குறைந்துவிடும். இரண்டு, சிறு நிறுத்தம், "அவை", மறுபடி இரண்டு என்று கைதட்டிப் பழக்குங்கள்.

2ஆம் பாட்டில் "ஒன்பதொ டொன்றொ டேழு பதினெட்டொ டாறும்" கடினம் என்று தாண்டுகிறார்கள். தாண்டக்கூடாது. அங்கே தனியாக மூன்று முறை மெதுவாகச் சொல்லவைத்துவிட்டு மேலே போங்கள்.

11ஆம் பாட்டை, பலன் சொல்லும் பாட்டுதானே என்று விடுவது. "கோளும் நாளும் அடியாரை வந்து நலியாத வண்ணம்" என்பது அதில்தான் இருக்கிறது. நாளும் கோளும் வரும், வந்து நலியாது என்கிறார். உரைவழி ஐயா யானையைப் பற்றிச் சொன்னதும் இதுவே.

நமச்சிவாயப் பதிகத்துக்குப் பண் காந்தாரபஞ்சமம். ஓதுவார்கள் கேதாரகௌளையில் பாடுவது கேட்டிருப்பீர்கள். 75 நிமிடத்தில் ஒரு பதிகம் முழுவதையும் பண்ணோடு கற்பிக்க முடியாது. முதல் பாட்டையும் 6ஆம் பாட்டையும் மட்டும் பண்ணோடு, மீதியை வாசிப்பாக வையுங்கள்.

ஜாலஹள்ளி_சிவநேசன்:

பெற்றோர் கேட்பது தவறில்லை, பயத்தில் கேட்கிறார்கள். அவர்களுக்குத் திருநீலகண்டப் பதிகத்தையும் காட்டுங்கள். கொங்குநாட்டுக் கொடிமாடச் செங்குன்றூரில் சம்பந்தருடன் வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது பாடியது, 1ஆம் திருமுறை 116. "செய்வினை வந்தெமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்" என்று "எமை" என்று பன்மையில் ஆணையிடுகிறார். கூட்டத்தில் யார் எந்தக் குலம், யார் எத்தனை நாள் தொண்டு என்று பிரிக்கவில்லை.

குலம் பற்றியும் ஒரு வாரம் தேவை. சுந்தரரின் திருத்தொண்டத்தொகை தில்லைவாழ் அந்தணரில் தொடங்கி, அடுத்த அடியிலேயே திருநீலகண்டத்துக் குயவனாருக்கு அடியேன் என்கிறது. அதிபத்தர் மீனவர், கண்ணப்பர் வேடர், திருக்குறிப்புத் தொண்டர் துணி வெளுப்பவர், திருநாளைப்போவார் புலையர், காரைக்காலம்மையார் வணிகர் வீட்டுப் பெண், சேரமான் பெருமாள் முடிமன்னர். எல்லார்க்கும் ஒரே "அடியேன்".

நாம் இருக்கும் ஊருக்கும் இது பொருந்தும். கன்னட வீரசைவ மரபு நம் 63 பேரையும் புராதனர் என்று போற்றுகிறது. நஞ்சன்கூடு கோயிலில் 63 பேர் திருவுருவங்களும் உண்டு. பெங்களூரிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். 12ஆம் நூற்றாண்டில் பசவண்ணர், சோழநாட்டுச் செருப்புத் தைக்கும் அடியாரான மாதார சென்னய்யாவின் வீட்டுப் பணியாளின் மகனுக்குப் பிறந்தவனாகத் தன்னைச் சொல்லிக்கொண்டார். பள்ளியில் பசவண்ணரைப் படிக்கும் பிள்ளைகளுக்கு இந்த இணைப்பு உடனே பிடிபடும்.

அல்சூர்_வகுப்பு:

கன்னட எழுத்தில் பாடல் அச்சிட்டுக் கொடுக்கலாமா?

பண்வழி:

முதல் வாரம் மட்டும் கொடுக்கலாம். இரண்டு சிக்கல் உண்டு. தமிழில் ஒரே க-வால் எழுதும் ஒலிகளுக்குக் கன்னடத்தில் தனித்தனி எழுத்து. "திங்கள் கங்கை" என்பதை எழுத்துக்கு எழுத்து மாற்றினால் பிள்ளை எல்லாவற்றையும் வல்லோசையில் படிக்கும். ஒலிக்கிறபடி மாற்றி எழுத வேண்டும், அதை ஓதத் தெரிந்தவர் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். அடுத்தது ழ, ற. பழங்கன்னடத்தில் இரண்டுக்கும் எழுத்து இருந்தது, இன்று வழக்கில் இல்லை. கணினி எழுத்துருவில் இன்னும் கிடைக்கிறது, ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியாது. வெறும் ளகரம் ரகரம் போட்டால் அந்த ஒலி அப்படியே நாக்கில் தங்கிவிடும்.

ஆகையால் இடப்பக்கம் தமிழ் பெரிய எழுத்தில், வலப்பக்கம் கன்னடம் சிறிய எழுத்தில். இரண்டாம் வாரம் கன்னடத்தில் ஒவ்வோர் அடியின் முதல் சீர் மட்டும். மூன்றாம் வாரம் தமிழ் மட்டும். ஒரே அமைப்பு பத்துப் பாட்டிலும் திரும்ப வருவதால் கோளறு பதிகம் எழுத்துப் பழகவும் ஏற்றது.

அல்சூர்_வகுப்பு:

கடைசியாக ஒன்று. வீட்டில் ஓர் இழப்பு நடந்த பிள்ளை வகுப்பில் இருக்கிறது. "காப்பாற்றுகிறவன் ஏன் காப்பாற்றவில்லை" என்று அந்தப் பிள்ளையே கேட்டால்?

மெய்கண்டார்_மாணவி:

வினை என்ற சொல்லை அந்த இடத்தில் எடுக்காதீர்கள். பிராரத்தம் (இப்பிறவியில் அனுபவிக்க வந்த வினை) உடலூழாய்க் கழியும் என்பது நூலில் உள்ளதுதான். ஆனால் அது தன் துன்பத்தைத் தான் தாங்கிக்கொள்வதற்காகச் சொன்னது. அடுத்தவர் துன்பத்துக்குத் தீர்ப்புச் சொல்லும் கருவியாக அதைப் பயன்படுத்தினால் அந்தப் பிள்ளை, போனவர் ஏதோ தப்புச் செய்தார் என்று எடுத்துக்கொள்ளும். அது பொய்யும்கூட. மெய்ப்பொருள் நாயனார் என்ன தப்புச் செய்தார்?

பொதுவில் விளக்கம் வேண்டாம். வகுப்பு முடிந்தபின் தனியாக, அப்பரின் முதல் பதிகத்தை அந்தப் பிள்ளையோடு படியுங்கள். "கூற்றாயின வாறு விலக்ககிலீர்". சூலை நோயில் துடித்துக்கொண்டு, "விலக்கமாட்டேன் என்கிறீரே" என்று நேராகக் கேட்கிறார். "கொடுமைபல செய்தன நான் அறியேன்" என்று, எனக்குக் காரணம் தெரியவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். இறைவனிடம் இப்படிக் கேட்கலாம், அதுவும் திருமுறைதான், 4ஆம் திருமுறையின் முதல் பாட்டாகவே வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். பிள்ளை மேலே கேட்டால், தம்பிக்காகத் திலகவதியார் அதிகை வீரட்டானரிடம் முறையிட்டதைச் சொல்லுங்கள். நான்காம் வாரத்துக்குத் திட்டமிட்டிருக்கும் நேரத்தில் கடைசி 15 நிமிடத்தை இதற்கென்று காலியாக விட்டுவையுங்கள். பாட்டு எண்ணிக்கையை முடிக்க வேண்டும் என்று அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம்.